மழை இரவில் வேகத்தைக் குறைத்தது கோழைத்தனமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வந்த கார் பந்தயக் கட்டுரையில், பிரான்ஸில் நடந்த 2024 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஒரே வரியில் தூக்கி எறிந்திருந்தார் கட்டுரையாளர். பின்னிரவு மழையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் சேஃப்டி கார் (ஆபத்தான நேரத்தில் முன்னால் மெதுவாகப் போய் மற்றவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கார்) பின்னால் எல்லா கார்களையும் ஊர்வலம் போக வைத்தது கோழைத்தனமாம். 1995-ல் இதே பந்தயத்தில் ஜே.ஜே. லேட்டோ மழை இரவில் வேகமாக ஓட்டவில்லையா என்றும் கேட்டிருந்தார். இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பல வருடங்களாக மார்ஷலாக நின்று கொடி காட்டுகிறவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

முதலில் லேட்டோ. அந்த பின்லாந்துக்காரரின் ஓட்டத்தை நானும் தலைவணங்கிப் பாராட்டுகிறேன். அந்த வருடம் பந்தயத்தின் பெரும்பகுதி மழையில்தான் நடந்தது. சாலையில் ஓடும் காரிலிருந்து உருவான மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர், பந்தயத்துக்கென்றே கட்டிய புரோட்டோடைப் கார்களைத் தோற்கடித்ததற்கு, இருட்டில் அவர் சுற்றுக்குச் சுற்று பிடித்த நேரம் முக்கியக் காரணம். கூட ஓட்டியவர்கள் யானிக் டால்மாஸ், மசனோரி செகியா. சரி, ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்த்த கையை அளவுகோலாக வைத்து மற்ற எல்லோரையும் அளக்கலாமா?

மழை என்றதும் எல்லோரும் வழுக்கலைத்தான் சொல்கிறார்கள். வழுக்கலுக்காவது வழி உண்டு. வறண்ட நாளில் எல்லோரும் ஓட்டும் தடத்தில் ரப்பர் படிந்திருக்கும். நனைந்தால் அங்கேதான் அதிகம் வழுக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதை விட்டு விலகி, வளைவின் வெளிப்பக்கமாகப் போய்ப் பிடிப்பைத் தேடுவார்கள். பெயின்ட் அடித்த ஓரக்கட்டைகளைத் தொட மாட்டார்கள். தண்ணீரை வாரி வெளியேற்ற வெட் டயர் இருக்கிறது. கண் தெரியாமல் போனால் மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

முன்னால் போகும் கார் கிளப்பும் நீர்ப்புகையில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டு, ஓட்டுபவர் முகத்திலேயே திரும்பி அடிக்கும். ஊட்டி மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வைப்பர் கண்ணாடியைத்தான் துடைக்கும், காற்றில் நிற்கும் தண்ணீரைத் துடைக்காது. போதாக்குறைக்கு உள்பக்கமும் ஆவி படியும். இந்த நிலையில் மணிக்கு 300 கிலோமீட்டர் என்றால், ஒரு விநாடிக்குள் 83 மீட்டர் கடந்தாகிவிட்டது. லே மான் ட்ராக்கின் மியூல்சான் நேர்ச்சாலை சாதாரண நாட்களில் ஊர் வண்டிகள் ஓடும் பொதுச்சாலை. இரு பக்கமும் மரங்கள், கும்மிருட்டு. ஒரு சுற்று 13.6 கிலோமீட்டர் என்பதால் ஒரு மூலையில் கொட்டும், இன்னொரு மூலையில் தூறல்கூட இருக்காது.

கட்டுரையாளர் தொடாமலே விட்ட விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஓடிய 62 கார்களும் ஒரே ரகம் அல்ல. சாலைக் கார்களிலிருந்து உருவான, வேகம் குறைந்த எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் வெண்கலத் (Bronze) தரத்தில் உள்ள ஒருவராவது ஓட்டியே ஆக வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டு ஆசைக்குப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் அவர்கள். பின்னால் பாய்ந்து வரும் ஹைப்பர்காரை (அதிவேகப் பிரிவின் கார்) அப்படிப்பட்ட ஒருவர் மழையில் கண்ணாடியில் பார்க்கவே முடியாது. ஹைப்பர்கார் ஓட்டுநருக்கும் இவருடைய சிவப்பு விளக்கு கிட்டே வந்த பிறகுதான் தெரியும்.

அப்புறம், ட்ராக் ஓரத்தில் நிற்கும் எங்களைப் பற்றி. மழை மாலையில் வளைவில் நிற்கும்போது எஞ்சின் சத்தம் முதலில் வரும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது. திடீரென்று புகைக்குள்ளிருந்து கார் வெளியே வரும். நனைந்த கொடி கம்பிலேயே ஒட்டிக்கொள்ளும், உதறி விரித்துத்தான் காட்ட வேண்டும். இந்த நேரத்தில் ஒரு கார் சுழன்று நின்றுவிட்டால் அதை அகற்ற நாங்கள்தான் ஓட வேண்டும். 2014-ல் ஜப்பானின் சுசுகாவில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், மழையோடு வெளிச்சமும் மங்கிய நேரத்தில், ஏற்கெனவே மோதி நின்ற காரை அகற்றிக்கொண்டிருந்த டிராக்டரில்தான் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கியின் கார் போய் மோதியது. ஒன்பது மாதம் கழித்து அவர் இறந்துபோனார். அந்த டிராக்டரைச் சுற்றி மார்ஷல்கள் நின்றிருந்தார்கள் என்பதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன்.

லே மானில் அந்த ஊர்வலத்தால் பந்தயம் கெட்டுப்போனதா என்றால், அதுவும் இல்லை. விடிந்த பிறகு மறுபடி முழு வேகத்தில் ஓடி, கடைசி நேர மழையிலும் போராடி, ஃபெராரியின் 50-ம் எண் கார் டொயோட்டாவை வெறும் 14 விநாடியில் ஜெயித்தது. 24 மணி நேரம் ஓடியதற்கு 14 விநாடி வித்தியாசம்! இதற்கு மேல் என்ன விறுவிறுப்பு வேண்டும்?

2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றியும் இரவுப் பந்தயம் நடந்தது. அங்கும் மழை குறுக்கிட்டது. நம் ஊரில் இனியும் இப்படி நடக்கும், தாங்களும் எழுதுவீர்கள். அப்போது ஓட்டுநர்களிடம் பேசுவதோடு, கொடி காட்டும் மார்ஷல்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
இருங்காட்டுக்கோட்டை மார்ஷல் ஒருவர்,
ஸ்ரீபெரும்புதூர்