அந்த ஏழாவது வரி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்தத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை சந்தோஷத்தில் படித்தேன். எட்டு ரவுண்டு குத்துச்சண்டை, நல்ல பணம், பெரிய மேடை, பெயர் சொன்னாலே தெரிகிற எதிராளி. இரண்டாம் தடவை நிதானமாகப் படித்தேன். மூன்றாம் தடவை ஏழாவது வரியைத் தாண்ட முடியவில்லை. எடை 59 கிலோ. சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்ப்பார்கள், அப்போது யாரும் 62 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது.

நீ போனில் கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, மேனேஜர் பார்த்துக்குவார்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆளைப் பார்த்தும் எடையைப் பார்த்தும் சண்டை எடுப்பதே தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். அது உனக்கே தெரியும். நீ தொழில்முறைக்கு வந்தபோது உன் முதல் ஆறு எதிராளிகளையும் உட்கார்ந்து பேசித்தானே எடுத்தோம்? முதலில் நேராக ஏறி வருகிறவள். அப்புறம் இடக்கைக்காரி, ஏனென்றால் இடக்கை என்றாலே உன் கால் குழம்பும். பிறகு கட்டிப்பிடித்துத் தொங்குகிற நெட்டையான பெண். ஆறாவதாக எடுத்தவள் எவரிடமும் நாக் அவுட் ஆகாதவள். உனக்குக் கடைசி ரவுண்டு வரைக்கும் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தியும் உனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். தோற்றவர்கள் என்று அவர்களை யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இந்தக் கணக்கில் அமெரிக்க பாக்சர் சுகர் ரே லெனர்டை மிஞ்ச ஆள் கிடையாது. 1980 ஜூனில் ராபர்ட்டோ டுரானிடம் தோற்றார். டுரான் ஜெயித்த களிப்பில் சாப்பிட்டு, கொண்டாடி, உடம்பு ஊதிப்போனார் என்று கேள்விப்பட்டதும், அவர் இளைப்பதற்கு நேரமே கொடுக்காமல் ஐந்தே மாதத்தில் மறுசண்டைக்கு இழுத்தார். நவம்பர் 25 அன்று எட்டாவது ரவுண்டில் டுரான் போதும் என்று திரும்பிக்கொண்டார். 1987-இல் மார்வின் ஹாக்லரோடு மோதும் முன்னால் லெனர்ட் கேட்டது என்னென்ன தெரியுமா? பதினைந்து ரவுண்டு வேண்டாம், பன்னிரண்டு போதும். ரிங் பெரிதாக இருக்கட்டும். கிளவுஸ் பத்து அவுன்ஸாக இருக்கட்டும். ஓடி ஓடி அடிக்கிறவருக்கு இந்த மூன்றும் லாபம். ஹாக்லர் பணத்தில் கூடுதல் பங்கு வாங்கிக்கொண்டு சம்மதித்தார், நடுவர்கள் ஒருமனதாக இல்லாத பிளவுத் தீர்ப்பில் பட்டத்தை இழந்தார். அந்தச் சண்டை பற்றி இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். ஆனால் அன்று மேடை ஏறிய ஹாக்லர் முழு ஹாக்லர். லெனர்ட் கேட்டு வாங்கியதெல்லாம் ரிங்கையும் கடிகாரத்தையும் கிளவுஸையும்தான். ஹாக்லரின் உடம்பிலிருந்து எதையும் கேட்கவில்லை.

இன்னொரு விதமான தேர்வும் உண்டு, அதை நான் மதிக்கவே மாட்டேன். 1992-இல் ரிடிக் போவ், லெனாக்ஸ் லூயிஸோடு மோது என்று சொன்னதற்கு, டபிள்யூ.பி.சி. என்ற உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பெல்ட்டைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டார். அதற்கும் முந்திய காலத்தில் சாம் லாங்ஃபோர்ட் போன்ற கறுப்பினத்தவர்களுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே கொடுக்காமல் வயதாக்கிவிட்டார்கள். 'ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம்' என்ற பெயரில்தான் அதுவும் நடந்தது. நீ யாருக்கும் பயந்து ஒதுங்கியவள் இல்லை. அதனால் அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.

எடைக்கு வருகிறேன். தொழில்முறையில் பதினேழு, பதினெட்டு எடைப்பிரிவு. கீழ்ப்பிரிவுகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று நான்கு பவுண்டுதான், இரண்டு கிலோகூட வராது, வித்தியாசம். முதல் நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். அப்படியானால் எல்லாரும் என்ன செய்வார்கள்? தண்ணீரை வற்றவைத்து ஒரு பிரிவு கீழே இறங்கி, மறுநாளுக்குள் குடித்து ஏற்றிக்கொண்டு, சின்ன ஆள் முன்னால் பெரிய ஆளாக நிற்பார்கள். 2000 பிப்ரவரியில் ஆர்ட்டுரோ காட்டியும் ஜோயி கமாஷும் 141 பவுண்டுக்குச் சண்டை போட்டார்கள். ரிங்குக்குள் வந்தபோது கமாஷ் 145, காட்டி 160. இரண்டாவது ரவுண்டிலேயே கமாஷ் விழுந்தார். மூளையில் அடிபட்டு, அதற்கப்புறம் அவர் ரிங் ஏறவே இல்லை.

உன் மேனேஜர் இதைத்தான் சொல்வார். "பார்த்தீர்களா, அதற்காகத்தான் காலையில் மறு எடை வைக்கிறோம், பாதுகாப்புக்கு." அவர் சொல்வதில் பாதி நிஜம். ஐ.பி.எஃப். என்ற இன்னொரு உலக அமைப்பின் பட்டச் சண்டைகளில் காலை எடை, பிரிவின் எல்லையிலிருந்து பத்து பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். அந்த விதி நல்ல விதி. ஆனால் அது அவரவர் சொந்தப் பிரிவில் இருக்கும் இரண்டு பேருக்கான விதி. உன் ஒப்பந்தத்தில் முதலில் எடையையே கீழே இழுத்துவிட்டு, அதற்கு மேல் இந்தப் பூட்டையும் போட்டிருக்கிறார்கள்.

யாரும் 62-ஐத் தாண்டக் கூடாது என்று பொதுவாகத்தான் எழுதியிருக்கிறது. அது யாரைக் கடிக்கும் என்று பார். நீ சும்மா இருக்கும்போதே 61, 62. ஒரு வாரம் கவனமாக இருந்தால் 59 வந்துவிடும். அந்தப் பெண் 61.2 கிலோ பிரிவில் நிற்கிறவள். அதற்கு இறங்கவே அவள் பாடுபடுகிறாள், கடைசியாக எடை பார்த்த வீடியோவில் கன்னம் எப்படி ஒட்டியிருந்தது என்று நீயும் பார்த்தாய். அவளை இன்னும் இரண்டு கிலோ கீழே இறக்கி, அப்புறம் குடிக்கவும் அளவு வைத்திருக்கிறார்கள். 2023-இல் ஜெர்வான்டா டேவிஸும் ரையன் கார்சியாவும் மோதியபோது 136 பவுண்டு, மறுநாள் பத்து பவுண்டுக்கு மேல் கூடக் கூடாது என்று இதே மாதிரி வைத்தார்கள். விதி இருவருக்கும்தான். வலித்தது உயரமும் கனமும் உள்ள கார்சியாவுக்கு. ஏழாவது ரவுண்டில் விலாவில் ஒரு குத்து, முட்டி போட்டவர் எழுந்திருக்கவில்லை.

கண்ணு, உனக்குப் பதினாறு வயதில் நடந்ததை நாம் இரண்டு பேரும் பேசுவதே இல்லை. இப்போது பேசுகிறேன்.

அந்தப் போட்டியில் நீ 57 கிலோவில் ஆடியிருக்க வேண்டும். அதில் ஒரு பெண் இருந்தாள், முந்தின வருடம் உன்னை மோசமாக அடித்தவள். 54-இல் அப்படி யாரும் இல்லை. இறக்கிவிடலாம், மெடல் நிச்சயம் என்று கோச் சொன்னார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான்தான் சரி என்றேன். நீ சொல்லவில்லை, நான் சொன்னேன்.

கடைசி இரண்டு நாள் எனக்கு இன்றைக்கும் நிமிஷம் நிமிஷமாக ஞாபகம் இருக்கிறது. மூன்று ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டினாய். சூயிங்கம்மை மென்று மென்று ஒரு பாட்டிலில் துப்பினாய். முதல் நாள் அரை பாட்டில் நிறைந்தது. மறுநாள் துப்பவே எச்சில் இல்லை. ராத்திரி உதடு வெடித்து ரத்தம் கசிந்தது என்று ஈரத்துணியால் துடைத்தேன். நீ தூக்கத்திலேயே அந்தத் துணியின் ஓரத்தை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தாய். கைக்குழந்தை மாதிரி. நான் துணியை உருவிக்கொண்டேன். நூறு கிராம் மிச்சம் இருந்தது என்பதற்காக உருவினேன். உன் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன், அது கூடாரம் மாதிரி அப்படியே நின்றது, படிய நேரமாயிற்று.

காலையில் 53.9. கோச் கை தட்டினார். மத்தியானம் ரிங்கில் உன்னை அடித்த பெண்ணுக்குக் கையில் பலமே கிடையாது, அவளை நீ ஸ்பாரிங்கில், பயிற்சிச் சண்டையில், சிரித்துக்கொண்டே சமாளிப்பாய். அன்றைக்குக் குத்து வருவதை உன் கண் பார்த்தது, தலை நகரவில்லை. தோற்று இறங்கி வந்து என்னிடம் "இன்னும் எத்தனை ரவுண்டும்மா?" என்று கேட்டாய்.

உடம்பு வற்றினால் கால் மட்டும் போகாது. அடி தாங்குகிற சக்தியும் போய்விடும் என்றுதான் ரிங் டாக்டர்கள் பயப்படுகிறார்கள். 1982-இல் ரே மான்சினியோடு மோதிய கொரியாவின் கிம் டுக்-கூ, 135 பவுண்டுக்கு இறங்கவே பெரும் கஷ்டப்பட்டவர். பதினான்காவது ரவுண்டில் விழுந்தார், சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் டபிள்யூ.பி.சி. பதினைந்து ரவுண்டைப் பன்னிரண்டாகக் குறைத்தது. எத்தனை அடி வாங்கினார் என்று எல்லாரும் பேசினார்கள். நான் அந்த மனிதர் எடை மிஷினில் ஏறிய நாளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்த வரியில் கையெழுத்துப் போட்டால், உனக்கு அன்று நான் செய்ததை இப்போது அந்தப் பெண்ணுக்கு நீ செய்கிறாய். அவளும் கையெழுத்துப் போட்டுத்தானே வருகிறாள் என்பாய். நீயும்தான் அன்றைக்குத் தலையாட்டினாய்.

லாபக் கணக்காகவே பார்த்தாலும் இது நிற்காது. 2004-இல் ஆஸ்கர் டி லா ஹோயா, பெர்னார்ட் ஹாப்கின்ஸை 160-லிருந்து 158 பவுண்டுக்கு இறக்கினார். ஹாப்கின்ஸ் வருடம் முழுக்க எடையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறவர், 156-இல் வந்து நின்று, ஒன்பதாவது ரவுண்டில் விலாவில் அடித்து முடித்தார். அதே டி லா ஹோயா 2008-இல் மானி பாக்கியாவோவைப் பிடிக்க 147-க்குத் தானே இறங்கினார். பல வருடமாக அவர் தொடாத எடை. 145-இல் வந்தார், மறுநாள் குடித்தும் உடம்பு ஏறவில்லை, எட்டு ரவுண்டு அடி வாங்கிவிட்டு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சரி, ஜெயித்தால் மட்டும் என்ன? பாக்கியாவோ 2009-இல் மிகேல் கோட்டோவை 145-க்கு இறக்கித் தோற்கடித்தார். என் கண்ணுக்கு அது அவருடைய மிக அழகான சண்டைகளில் ஒன்று. ஆனாலும் அந்த இரண்டு பவுண்டைச் சொல்லாமல் அதைப் பேசுகிற ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அத்தனை பெரிய மனிதருக்கே அந்தக் கறை போகவில்லை.

உன் உடம்புக்கு எது சரியோ அங்கே சண்டை போடு. மேரி கோம் 46-லும் 48-லும் உலகப் பட்டங்கள் வாங்கியவர். 2012 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51-க்குக் கீழே பிரிவே இல்லை என்றதும், தன்னைவிடப் பெரிய பெண்களோடு ஏறி நின்று வெண்கலம் வாங்கினார். அவரை மாதிரி ஏறித்தான் ஆக வேண்டும் என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். உனக்கு 59 நல்ல எடை என்றால் 59-லேயே பட்டம் தேடு, அந்த எடையில் பிறந்த ஆட்களோடு. இந்தப் பெண்ணோடுதான் மோத வேண்டும் என்றால் 61.2-க்கு ஒத்துக்கொள், மறு எடையை ஐ.பி.எஃப். அளவுக்குத் தளர்த்து. பதிலுக்கு ரிங் பெரிதாக வேண்டும் என்று கேள், தேதியைத் தள்ளிக் கேள், லெனர்ட் மாதிரி எதை வேண்டுமானாலும் கேள். அதற்காகப் பணம் குறைந்தால் குறையட்டும்.

அவள் முழு உடம்போடு வந்தால் உன்னால் முடியாது என்று மேனேஜர் நினைக்கிறார் போலிருக்கிறது. நான் நினைக்கவில்லை. இந்த வாரம் அவளுடைய கடைசி மூன்று சண்டைகளையும் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது ரவுண்டுக்கு அப்புறம் ஜாப், அதாவது முன்கையால் நேராக விடுகிற குத்து, அடித்த கையை அவள் நேராகத் திரும்பக் கொண்டுவருவதில்லை, மார்பு வரைக்கும் தொங்கவிட்டுத்தான் ஏற்றுகிறாள். மூன்று சண்டையிலும் அப்படித்தான். உன் வலது கைக்கு அந்த நேரம் போதும். உன் கால் மட்டும் அவள் இடது காலுக்கு வெளியே இருக்க வேண்டும், அதை நாளைக்கே கோச்சிடம் சொல்லி ஆரம்பி.

அன்புடன்,
அம்மா