பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பா இரண்டு தடவை எழும்பி வந்து விளக்கை அணைத்துப் பார்த்தார். மூன்றாம் தடவை பேசாமல் தேநீர் ஊற்றித் தந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். வாயால் பேசினால் நானோ நீயோ நடுவில் கோபப்பட்டுவிடுவோம். அதனால் எழுதுகிறேன். விடிந்ததும் அப்பா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார்.

உன் மகன் சின்னவனுடைய பெறுபேற்றுத் தாளை மருமகனிடம் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தேன். ஓய்வு பெற்று எத்தனை வருடமானாலும் வாத்தியார்ப் புத்தி போகாது. வாசிப்பில் நிலை 3, கணிதத்தில் நிலை 3, எழுத்தில் நிலை 2. கனடாவில் உங்கள் ஒன்ராறியோ மாகாணம் எதிர்பார்ப்பது நிலை 3. நிலை 2 என்றால் அதை நெருங்கிக்கொண்டிருக்கிறான் என்று பொருள். மாகாணம் முழுவதற்கும் பொதுவாக மூன்றாம் தரத்தில் நடக்கும் இந்த ஈ.கியூ.ஏ.ஓ. பரீட்சையின் புள்ளி அவனுடைய வகுப்பறிக்கையில் சேராது. இதைக் காட்டி எந்தப் பள்ளியும் அவனுக்குக் கதவைத் திறக்கவும் போவதில்லை, மூடவும் போவதில்லை. நீயோ செத்த வீட்டுக் குரலில் அதைச் சொன்னாய். சொல்லி முடிக்கும் முன்பே, "அவனோடு படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எல்லாவற்றிலும் நிலை 4, அம்மா" என்றாய்.

அந்த வசனம்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. அது என்னுடைய வசனம்.

2002இல் இலங்கையில் நீ எழுதிய ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வந்த அன்று, தேறுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைவு என்று தெரிந்ததும் நான் உன்னிடம் முதலில் கேட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை என்றுதான். நீ பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய்விட்டாய். நான் பின்னால் வரவில்லை. அன்று நீ சாப்பிட்டாயா என்று நேற்று இரவு யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. அப்பாவைக் கேட்டேன். "இருட்டின பிறகு நான்தான் கூட்டி வந்து புட்டுத் தீத்தினேன்" என்றார். இத்தனை வருடமும் எனக்கு அது தெரியாது.

இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றையும் இதோடு சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு விறாந்தையில் நான் நடத்திய புலமைப்பரிசில் வகுப்புக்கு ஊரில் எவ்வளவு பெயர் இருந்தது என்று உனக்குத் தெரியும். அந்த வருடம் 22 பிள்ளைகள், 19 பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். நல்ல ரீச்சர், கைராசி ரீச்சர் என்றார்கள். ஆனால் அந்த 22 பேரையும் நான் எப்படி எடுத்தேன்? நாலாம் தரம் முடியும்போதே ஒரு சின்னப் பரீட்சை வைத்து, கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். மற்றவர்களின் தாய்மாரிடம் இடமில்லை என்றேன். பாயில் இடம் இருந்தது. மீன் விற்க வரும் அந்த மனுசி தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படலையில் நின்றாள். அவனை எடுத்திருந்தால் 23இல் 19 ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதற்கும் எனக்கு மனம் வரவில்லை. நீ தாண்டாமல் போனபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி உனக்காக வந்தது இல்லை. என் கணக்கு கெட்டுப் போனதே என்று வந்தது.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வியோடு சேர்ந்து வந்த ஏற்பாடு இது. காசில்லாத கிராமத்துப் பிள்ளையைத் தேடிப் பிடித்து மத்திய கல்லூரிக்கு அனுப்புவதற்காக வைத்த பரீட்சை. அதைக் காசு கட்டி வகுப்புக்கு வரக்கூடிய பிள்ளைகளின் ஓட்டப்பந்தயமாக மாற்றியதில் என் விறாந்தைக்கும் பங்கு உண்டு. இப்போது வருடத்துக்கு மூன்று லட்சம் பிள்ளைகளுக்கு மேல் எழுதுகிறார்கள். முதலாம் தாளில் 40 கேள்விக்கு ஒரு மணி நேரம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்! தாண்டியவர்களின் படங்களைப் பெரிய பதாகையாக அடித்துப் பள்ளி வாசலில் கட்டுகிறார்கள். கீழே நின்று அதை அண்ணாந்து பார்க்கும் பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இனி உன் வீட்டு விசயம். அங்கே பிரேசர் நிறுவனம் என்ற ஆய்வு நிறுவனம் சின்னவன் எழுதிய பரீட்சையின் பெறுபேறுகளை எடுத்து ஒவ்வொரு பள்ளிக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு வரிசைப்படுத்துகிறது. சின்னவனின் பள்ளிக்கு ஐந்தோ என்னவோ, மார்க்கம் நகரில் நீங்கள் பார்த்த வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பள்ளிக்கு ஒன்பது. அதற்காக ஸ்காபரோ வீட்டை விற்று இன்னும் பெரிய கடனுக்குள் இறங்கப் போகிறீர்கள். மார்க்கத்துக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. மருமகனுக்கு வேலை கிட்ட என்றால் போங்கள், குசினி பெரிது என்றால் போங்கள். அந்த ஒன்பதை நம்பிப் போவதென்றால் என் விறாந்தையை நினைத்துக்கொள். அங்கே பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்குவதில்லை, சரி. வீட்டு விலை பொறுக்குகிறதே. உன் பிள்ளையின் வகுப்பில் போன வருடம்தான் நாட்டுக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக் கொண்டுவரும் அந்த ரீச்சர் ஒன்பது வாங்கிய பள்ளி ரீச்சரைவிடக் கெட்டிக்காரியாக இருக்கலாம். அந்த எண்ணில் அது எப்படித் தெரியும்?

இன்னொன்று. ஒரு பள்ளியில் அந்தத் தரத்தில் 40 பிள்ளைகள் என்றால், ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்து எழுதினாலே நூற்றுக்கு இரண்டரை இறங்கிவிடும். என் கடைசிப் பள்ளியில் 18 பேர் எழுதிய வருடம் மூன்று பேர் தாண்டினார்கள், அடுத்த வருடம் ஒருவரும் இல்லை. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, என்ன ரீச்சர் படிப்பிப்பதை விட்டுவிட்டீர்களா என்றார். அதே கரும்பலகை, அதே நான்.

நீ அன்று தாண்டாவிட்டாலும் இன்று நன்றாகத்தானே இருக்கிறாய் என்று எழுத மாட்டேன். தாண்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நன்றாகத்தான் இருக்கிறாள். நான் கேட்பது வேறு. எழுத்தில் நிலை 2 என்றதும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திவிட்டு ஆங்கில ரியூசனில் போடப் போகிறேன் என்றாயே, அதைக் கொஞ்சம் பொறு. போன மாதம் அவன் எனக்கு அரை மணி நேரம், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக, குப்பைத் தொட்டிக்குள் அகப்பட்ட ரக்கூனின் கதையைச் சொன்னான். மூடியை அது எப்படித் திறந்தது என்று கையால் நடித்துக் காட்டினான். கதை இல்லாத பிள்ளை இல்லை அவன். பரீட்சை கணினியில் என்கிறாய். எட்டு வயதுக் கை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவதற்குள் கதை பறந்துவிடாதா? என் சந்தேகம் அதுதான். தவறாகவும் இருக்கலாம். அவன் கையால் எழுதியது ஒன்று, தட்டி எழுதியது ஒன்று, இரண்டையும் திருத்தாமல் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அந்தத் தாளை அவன் கண்ணில் படாமல் எடுத்து வை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை ஏற்கெனவே அவனிடம் சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் எனக்கு எழுது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் எடு. அந்த ரக்கூன் தொட்டிக்குள்ளிருந்து எப்படி வெளியே வந்தது என்று அவன் எனக்கு இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

அன்புடன்,
அம்மா