ஹெரால்டுக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி

ஆல்ஃபர்டு அருகே, அபர்டீன்ஷயர்
ஆகஸ்ட் கடைசி வாரம்

அன்புள்ள சபாபதி,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய படங்களும் வந்து சேர்ந்தன. லலிதாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. உடற்பயிற்சியைச் சோம்பாமல் செய்யச் சொல் என்று எழுத உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்த கமலா, "முதலில் நீங்கள் காலை நடைக்குப் போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே அந்த அறிவுரையை எழுதாமல் விடுகிறேன். பேரன் இயந்திரவியலில் சேர்ந்தது பெரிய செய்தி. எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடும் காலத்தில் கையில் கிரீஸ் ஒட்டும் படிப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறானே, அவனைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

உன் அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இன்னும் உன் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று மகள் சொல்கிறாள், உனக்கு மனம் வரவில்லை, புத்தம்புதிதாக ஆக்கித் தருகிறேன் என்ற பட்டறைக்காரர் சொல்லும் தொகையோ மயக்கம் வரவழைக்கிறது. இதில் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் என் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் எழுதினால்தான் அந்தப் பதிலுக்கு அர்த்தம் இருக்கும்.

எண்ணெய்க் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் வாங்கியது ஒரு ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1973-ஆம் ஆண்டு வண்டி. இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, 1296 சிசி இன்ஜின், 63 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்கள்கூட அதைவிட வேகமாகக் கிளம்பும். உறவு முறையில் பார்த்தால் அது உன் ஹெரால்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரயம்ஃப் ஹெரால்டைத்தான் 1961 முதல் நம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தார்கள். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே வேறு உடம்பைப் பூட்டி, 1962-இல் ஸ்பிட்ஃபயரை விட்டார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. 1980-இல் ஸ்பிட்ஃபயர் உற்பத்தியை நிறுத்தும்வரை மூன்று லட்சத்துக்கும் மேல் ஓடவிட்டிருக்கிறார்கள்.

முதன்முதலில் பானெட்டைத் திறந்தபோது எனக்கு உன் அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் காரில் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே எதிர்ப்புறம் சாயுமே, இதிலும் அதேதான். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். முதுகு வளையாது. எங்கள் வயதுக்காரர்களுக்காகவே வடிவமைத்த கார் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கேலி செய்வார். இன்னொன்று, திரும்பும் வட்டம். சுமார் 24 அடி விட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். உங்கள் தெருவில் மாட்டு வண்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே அப்பா காரை ஒரே வீச்சில் திருப்புவதை நாம் திண்ணையிலிருந்து பார்ப்போம். இங்கே ஒற்றைத் தடச் சாலையில் எதிரே டிராக்டர் வந்து நிற்கும்போது அந்த வித்தை எனக்கும் கைகொடுக்கிறது.

இந்தப் பக்கம் சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து டான் ஆற்றை ஒட்டி மேற்கே போனால் ஊர்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் கார்காஃப் கோட்டை வரும். நட்சத்திர வடிவ மதிலுக்கு நடுவே வெள்ளையடித்த ஒற்றைக் கட்டடம், சுற்றிலும் வெறும் மலை. அதைத் தாண்டினால் காக் பிரிட்ஜ். அங்கிருந்து டொமின்டோல் போகும் சாலைதான் பனிக்காலத்தில் மூடிவிட்டதாக வானொலியில் முதலில் சொல்லும் சாலை. குறுக்கே இழுத்துப் பூட்ட இரும்புக் கதவே வைத்திருக்கிறார்கள். ஐந்தடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறும் செங்குத்து. நான் இரண்டாம் கியரில், வெப்பமானி முள்ளில் ஒரு கண் வைத்துக்கொண்டு ஏறுவேன். உச்சி 637 மீட்டர். நம் ஏற்காட்டுக்குப் பாதிகூட இல்லை என்று நீ சிரிப்பாய். ஆனால் மரமே இல்லாத மலை, சபாபதி. கூரையை மடக்கிவிட்டு அங்கே போனால் தலைக்கு மேல் எதுவுமே இல்லை. ஆகஸ்டில் மலை முழுக்க ஹெதர் என்ற புதர்ச்செடி பூத்து ஊதாவாகக் கிடக்கிறது. இறங்கும் பக்கத்தில் ஓர் ஊற்றருகே வெள்ளைக் கல் பலகை ஒன்று இருக்கிறது. 1754-இல் 33-ஆம் படைப்பிரிவின் ஐந்து கம்பெனிகள் இங்கிருந்து ஸ்பே ஆறு வரை சாலை போட்டதாக அதில் பொறித்திருக்கிறார்கள். கலகம் செய்த மலைநாட்டாரை அடக்கப் போட்ட ராணுவச் சாலை. இப்போது அதில் ஆடுகளும் சைக்கிள்காரர்களும் நானும் போகிறோம்.

வேகம் இங்கே தேவையே இல்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது மணிக்கு 40 மைலே பறப்பதுபோல் இருக்கும். ஒதுங்கும் இடத்தில் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக் கையசைத்துப் போவது இங்கே எழுதாத சட்டம். கூரையில்லாத பழைய வண்டி என்றால் கையசைப்பு இன்னும் தாராளமாகக் கிடைக்கும். வெட்டிய வைக்கோல், சாணம், பைன் பிசின், டொமின்டோல் தாண்டி ஸ்பே பக்கம் இறங்கினால் விஸ்கி வடிக்கும் ஆலைகளின் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி என்று ஒவ்வொரு வாசனையாக வரும். கண்ணாடி ஏற்றிய காரில் இது எதுவும் உள்ளே வராது. ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் இறங்கும். அதனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது.

குளிரா என்று கேட்பாய். குளிர்தான். ஆனால் ஹீட்டரை முழுதாகத் திறந்தால் கால் சுடும், காது உறையும். குல்லாய் போட்டுக்கொண்டால் சரி. தூறல் போட்டாலும் கூரையை ஏற்ற அவசரப்படுவதில்லை. ஓட்டம் நிற்காதவரை மழை முன்கண்ணாடிக்கு மேலே ஏறித் தலையைத் தாண்டிப் போய்விடும். சந்திப்பில் நின்றால்தான் நனைவோம். கமலா இந்த இயற்பியலை ஏற்றுக்கொண்டதே இல்லை. அவள் மடியில் எப்போதும் ஒரு குடை இருக்கும்.

இனி பராமரிப்பு. இதில்தான் என் நேரமெல்லாம் போகிறது, அதுதான் எனக்கு இதில் பாதி சந்தோஷமும்கூட.

இங்கே முதல் எதிரி உப்பு. குளிர்காலம் முழுவதும் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அந்த மாதங்களில் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வராது. வசந்தத்தில்கூட இரண்டு நல்ல மழை பெய்து சாலையைக் கழுவிய பிறகுதான் எடுப்பேன். ஸ்பிட்ஃபயரில் கதவுக்கு அடியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் தகட்டுப் பெட்டி இருக்கிறதே, அது அழகுக்காக வைத்தது இல்லை. வண்டியின் பலமே அதில்தான். அது உள்ளுக்குள் துருப்பிடித்தால் உடம்பு நடுவில் தொய்யும். தொய்ந்துவிட்டது என்பதைக் கதவுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். மேல் மூலையில் உரசும், இழுத்து அடித்தால்தான் சாத்தும். வாங்கும்போது நான் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, கதவு இடைவெளியைத்தான் பார்த்தேன்.

இரண்டாவது, முன்சக்கரத்தின் பித்தளை மூட்டு. டிரன்னியன் என்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடி முனையில் மரை வெட்டி, அதை ஒரு பித்தளைக் கட்டிக்குள் திருகியிருக்கிறார்கள். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை பித்தளைக்குள் கொஞ்சம் ஏறி இறங்கும். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது என்று கம்பெனிக் கையேடே சொல்கிறது. ஆனால் பார்த்தால் கிரீஸ் அடிக்கும் இடம்போலவே இருக்கும் என்பதால் உலகம் முழுவதும் கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவானும் அடித்திருந்தார். கழற்றிப் பார்த்தேன். மேலே கிரீஸ் காய்ந்து மெழுகாக அடைத்திருந்தது. மரையின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கி, இரும்பு பழுப்பாக அரித்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. அந்தத் தண்டு ஒருநாள் முறிந்தால் சக்கரம் காருக்கு அடியில் மடங்கி விழும். புதிய தண்டும் பித்தளையும் போட்டேன். இப்போது எண்ணெய்த் துப்பாக்கியை வைத்து, அழுக்கு எண்ணெய் மேலே பிதுங்கி வெளியேறிப் புது எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கிறேன். உன் ஹெரால்டிலும் இதே மூட்டுதான் இருக்கிறது. இதை மறந்துவிடாதே.

மூன்றாவதுக்குக் கமலாவின் உதவி வேண்டும். அவள் கிளட்சை மிதிக்க, நான் இன்ஜினின் முன்பக்கக் கப்பியைப் பார்ப்பேன். மிதிக்கும்போது கப்பி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் அரைவட்டத் தகடுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை கழன்று விழுந்தால் இன்ஜின் பிளாக்கே வீணாகும். உன்னுடைய 948 சிசியும் இதே குடும்பத்து இன்ஜின்தான்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு சின்னத் தொல்லை. 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும். குழாய்களை மாற்றிவிட்டேன், கூடவே எத்தனால் குறைந்த விலையுயர்ந்த பெட்ரோலையே போடுகிறேன். உங்கள் ஊரில் 20 சதவீதமாம், நீ இன்னும் ஜாக்கிரதையாக இரு. டயரிலும் பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு. காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் 1840-களில் காப்புரிமை வாங்கிய ராபர்ட் வில்லியம் தாம்சன் பிறந்த ஸ்டோன்ஹேவன் இங்கிருந்து பக்கம்தான். அந்தத் துறைமுகத்துக்குப் போய் மீன் வறுவல் சாப்பிடுவது எங்கள் வழக்கமான சவாரி. டயரைக் கவனிக்காமல் அந்த ஊருக்குப் போவது மரியாதையில்லை அல்லவா?

நாற்பது ஆண்டு தாண்டிய வண்டிக்கு இங்கே சாலை வரி கிடையாது. ஆண்டுச் சோதனையும் 2018 முதல் கட்டாயம் இல்லை. ஆனாலும் நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அடியில் படுத்துப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருப்பது நல்லது.

இப்போது உன் கேள்வி. எடைக்குப் போடாதே. புத்தம்புதிதாகவும் ஆக்காதே. கண்காட்சி வண்டி ஆக்கிவிட்டால் கீறல் விழுமே என்று பயந்து மறுபடியும் தார்ப்பாய்க்கு அடியில்தான் வைப்பாய். இங்கே அப்படிப் பலரைப் பார்க்கிறேன். அதை ஓட வை, அது போதும். பெயின்ட் உரிந்தபடியே இருக்கட்டும். பட்டறைக்காரரை டிங்கரிங் பக்கமே போக விடாதே.

பேரனை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு. சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்கு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார். சுற்றினால் பாதி கிணறு தாண்டிவிட்டாய். அதற்குப் பிறகும் இன்ஜினைக் கிளப்பாதே. முதலில் பிரேக்கை முழுதாகச் சரி செய். ரப்பர் குழாய்கள், சிலிண்டர்கள் எல்லாம் புதிது. நிற்கத் தெரிந்த பிறகு ஓடலாம். பெட்ரோல் டாங்கியை இறக்கி உள்ளே துருவைக் கழுவு. கதவுக்கு அடியில் உள்ள தகடு துருப்பிடித்திருந்தால் கவலைப்படாதே, ஹெரால்டில் அது பாரம் தாங்குவதில்லை. அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் வெல்டிங்.

உதிரிபாகங்களுக்குக் கவலை வேண்டாம். ட்ரயம்ஃப் சாமான்கள் இங்கே இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், விலையும் நியாயம்தான். டிசம்பரில் என் மகள் சென்னை வருகிறாள். அவள் பெட்டியில் மூன்று கிலோ இடம் எனக்கென்று பேசி வைத்திருக்கிறேன். டிரன்னியன் ஜோடி, பிரேக் ரப்பர்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் அதில் அடங்கும். நீ செய்ய வேண்டியது, அடிச்சட்ட எண் பொறித்த தகட்டையும் முன்சக்கர மூட்டையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புவது. இந்தியாவில் செய்ததற்கும் இங்கே செய்ததற்கும் அளவில் வித்தியாசம் இருந்தால் வாங்குமுன் தெரிந்துவிடும். அக்டோபருக்குள் அனுப்பு.

லலிதாவுக்கு எங்கள் அன்பு. பேரனுக்கு ஆசிகள்.

உன்,
ராமநாதன்

பி.கு: தார்ப்பாயை முழுதாக எடுக்குமுன் உள்ளே ஒரு தடியால் தட்டு. என் ஸ்பிட்ஃபயரில் குளிர்காலம் முழுவதும் எலி குடித்தனம் நடத்தி, இருக்கைப் பஞ்சை எல்லாம் ஏர் ஃபில்டருக்குள் கொண்டுபோய் அடைத்திருந்தது. தாம்பரத்தில் எலியோடு போனால் உன் அதிர்ஷ்டம்.