பிட்ச் திருப்பணி முடிந்தது: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். கிரிக்கெட் பிட்ச்சுக்கு என்னப்பா திருப்பணி, தேர் ஓட்டப் போறீங்களா என்று நன்கொடை நோட்டைப் பார்த்ததுமே சிரித்தவர்கள் உண்டு. நோட்டு அட்டையில் அந்த வார்த்தையை எழுதியவன் நான்தான். ‘பிட்ச் ரிப்பேர்’ என்று போனால் ஐம்பது ரூபாயை நீட்டுகிறவர், ‘திருப்பணி’ என்றதும் ஐந்நூறு என்று எழுதுகிறார். மதுரைப் பக்கம் நம் விளாச்சேரியில் தொடங்கி பசுமலை, திருநகர் வரை வீடு வீடாக ஏறி இறங்கிக் கண்ட உண்மை இது. சரி, வேலை முடிந்துவிட்டது. ரூபாய்க் கணக்கைப் பில்லோடு ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறோம், நின்று நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். என்ன செய்தோம், ஏன் செய்தோம், எங்கே சொதப்பினோம் என்பது மட்டும் இங்கே.

முதலில் பழையதை உடைத்தோம். மேலே பச்சைக் கலர் செயற்கைப் புல் விரிப்பு, பசை போட்டு ஒட்டியது. ஒட்டியவர்கள் இந்தக் கமிட்டியிலும் இருக்கிறார்கள் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அதற்குக் கீழே இரண்டே அங்குலம் கான்கிரீட், அப்பளம் மாதிரி கையால் பெயர்த்து எடுக்கிற நிலையில் இருந்தது. அதற்கும் கீழே நைந்துபோன தேங்காய் நார்ப்பாயின் ஒரு துண்டு, அதில் துருப்பிடித்த ஆறங்குல ஆணிகள் அப்படியே. அப்புறம் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புக் கரம்பை மண், அதாவது கண்மாய்க் களிமண்.

இந்த மண் இங்கே எப்படி வந்தது என்று இப்போது விளையாடும் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கிளப்பை ஆரம்பித்த அண்ணன்மார் முதலில் ஆடியது மாடக்குளம் கண்மாய்க்குள்ளேதான். தண்ணீர் வற்றினால் மைதானம், ஐப்பசியில் மழை பிடித்துக் கண்மாய் நிறைந்தால் ஆட்டம் கட். ரப்பர் பந்துதான், அதுவும் சீமைக்கருவேல முள்ளில் ஏறினால் அன்றைய மேட்ச் அத்தோடு முடிந்தது. 1983 ஜூன் 25 ராத்திரி, உலகக் கோப்பை ஃபைனல்: ஸ்ரீகாந்த் அடித்த 38-தான் அந்த மேட்ச்சிலேயே பெரிய ஸ்கோர், இந்தியா 183-க்கு ஆல் அவுட், பிறகு வெஸ்ட் இண்டீஸ் 140-க்குச் சுருண்டது. அதை ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டவர்கள், இனிமேல் தோல் பந்துதான் என்று ஒரே பிடியாக நின்றிருக்கிறார்கள். தோல் பந்துக்குக் கண்மாய் சரிப்படாது. இந்தப் புஞ்சையைக் கேட்டு வாங்கி, கண்மாயிலிருந்து கரம்பையை மாட்டுவண்டியில் அடித்து, மிதித்து, உருட்டி, மேலே நார்ப்பாய் விரித்தார்கள். காய்ந்த கரம்பை கடப்பாக்கல் மாதிரி இறுகும் என்று கண்மாய்க்குள் ஆடிய காலத்திலேயே அவர்களுக்குத் தெரியும்.

பாய் விரித்த பிட்ச்சை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1913-14-ல் தென் ஆப்பிரிக்காவில் இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் நாலே டெஸ்ட்டில் 49 விக்கெட் எடுத்ததும், 1956-ல் கராச்சியில் பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் ஆஸ்திரேலியாவை 13 விக்கெட் எடுத்து முடித்துவிட்டதும் பாயில்தான். பந்தின் தையல் பாயின் நாரைக் கவ்வும், கவ்வினால் திரும்பும். நம் கிளப்பில் கீப்பர் உள்பட எல்லாரும் லெக் ஸ்பின் போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவதற்கும் காரணம் அந்தப் பாய்தான்.

அடுத்த செட் ஆட்கள் செய்த தப்பு, அந்தக் கரம்பைக்கு மேலேயே கான்கிரீட் போட்டது. தப்பு என்று இன்றைக்குச் சொல்கிறோம், அன்றைக்கு நாங்களும் சட்டி தூக்கினோம். விரல் நுழைகிற அளவு விரிசல் விட்டு, ஒரே இடத்தில் விழும் பந்து ஒன்று கணுக்காலுக்கும் அடுத்தது தாடைக்கும் போகிற நிலை வந்தபோது, சிமெண்ட் மட்டம், கலவை மட்டம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். காரணத்தைச் சொன்னவர் கிரவுண்டை ஒட்டிக் கொலு பொம்மை செய்யும் பெரியவர். ஒரு பிடி மண்ணைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார், உள்ளங்கையில் கயிறாகத் திரித்தார், அதை ஆள்காட்டி விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக் காட்டினார். ஒரு கீறல் விழவில்லை. “தம்பி, பொம்மைக்கு இதைவிட நல்ல மண்ணு கிடையாது. ஆனா இது தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா வாயைப் பிளக்கும். இது மேல நீங்க கல்லையே வச்சாலும் நிக்காது” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே ஒன்றரை அடிக்குத் தோண்டி, சுமார் 11 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) கரம்பையை வெளியே எடுத்தோம். அந்த இடத்தில் கிராவல் கொட்டி, அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். அதற்கு மேல் 74 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குல கனத்துக்குக் கான்கிரீட். சிமெண்ட் 45 மூட்டை, எம்-சாண்ட் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட, முக்கால் அங்குல ஜல்லி இரண்டேகால் யூனிட். பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடிதானே, 8 அடிக்கு எதற்குச் செலவு என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். பழைய கான்கிரீட் சரியாக 66 அடியில், ஸ்டம்ப்போடு முடிந்துவிட்டது. பந்து போடுகிறவனின் பின்கால் ஸ்டம்ப் கோட்டுக்குப் பின்னால் அந்த விளிம்பில்தான் இறங்கும், எத்தனை கணுக்கால் பிசகியிருக்கிறது என்பது ஐஸ்கட்டி வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் நாலு நாலு அடி கூட்டியது அதற்குத்தான்.

சொதப்பல் என்று சொன்னேனே, அதுவும் இந்த ஸ்டம்ப்பில்தான். ஸ்டம்ப் மூன்றும் சேர்ந்து 9 அங்குல அகலம், அதற்காக இரண்டு முனையிலும் ஒரு அடிச் சதுரத்துக்குக் குழி விட்டு, களிமண் நிரப்புவதாக ஏற்பாடு. மத்தியானம் நாங்கள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், குழி எதற்கென்று தெரியாத கொத்தனார், ஏதோ விட்டுப்போச்சு போல என்று நல்லெண்ணத்தில் இரண்டையும் நிரப்பி, மட்டக்கோல் வைத்து இழுத்து, அழகாகப் பூசிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது எங்கள் தப்பு. உளி வைத்துக் கொத்தி எடுக்க ஒன்றரை நாள் ஆனது, அந்தக் கூலியும் கணக்கில் தனி வரியாக இருக்கிறது, மறைக்கவில்லை. பாத்தி கட்டி 28 நாள் தண்ணீர் நிறுத்தினோம். அதற்குள் ஆடியே தீர வேண்டும் என்று சண்டைக்கு வந்த அண்டர்-16 பையன்களிடமே தண்ணீர் ஊற்றும் வேலையை ஒப்படைத்தோம், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பாய் புதுசு, தேங்காய் நார்தான். பச்சை விரிப்பே வேண்டும் என்று ஆறு பேர் சொன்னார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மழையில் நனைந்தபடி கிடந்தால் பாய் மக்கிவிடும். கடைசியாக ஆடுகிற டீம் சுருட்டி ஷெட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

சைட் ஸ்கிரீன், அதாவது பந்து போடுகிறவனுக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைத் திரை விஷயத்தில் ஒரு மனக்கசப்பு. அதைக் கொடுத்த அன்பர், கோயில் டியூப்லைட்டில் போடுவது மாதிரி ‘உபயம்’ என்று தன் பெயரும் அப்பா பெயரும் கறுப்புப் பெயிண்ட்டில் ஆளுயரத்துக்கு வர வேண்டும் என்றார். வெள்ளைத் திரை வைப்பதே சிவப்புப் பந்து தெரிவதற்கு, அந்த எழுத்துக்குள்ளிருந்து பந்து வந்தால் பேட்ஸ்மேன் கதி என்ன என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் பின்பக்கம் எழுதியிருக்கிறோம். ரோட்டிலிருந்து பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது, அவரும் இப்போது பேசுகிறார்.

மிட்-விக்கெட் பக்கம் பொம்மைப் பட்டறையை மறைத்து 15 அடிக்கு நைலான் வலை கட்டியாயிற்று. இத்தனை வருஷமாக நம் சிக்ஸரில் உடைந்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளுக்கு, அடித்தவன் காசு கொடுத்துப் பொம்மையை எடுத்துக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. ஷெட் அலமாரியில் தலையில்லாத கிருஷ்ணர் நாலு பேரும், ஸ்கோர் நோட்டு பறக்காமல் இருக்க மேஜையில் உட்கார்ந்திருக்கும் கழுத்து போன செட்டியாரும் அப்படி வந்தவர்கள்தான். கொலு வேலை நடக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் அவுட் என்ற விதி, வலை வந்த பிறகும் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வலைக்கு மேலேயும் அடிக்கக்கூடிய மூன்று பேர் நம்மிடம் இருப்பதால் விதி தொடரட்டும் என்பது கமிட்டியின் முடிவு. ஆட்சேபம் இருந்தால் பொதுக்குழுவில் பேசலாம்.

தோண்டிய கரம்பையில் மேல்மண்ணைப் பக்கத்துத் தோட்டக்காரர் எருவாக அடித்துக்கொண்டார். அடியில் இருந்த சுத்தமான மண் அத்தனையும் பெரியவர் பட்டறைக்குப் போயிற்று. இப்போதெல்லாம் கண்மாயில் மண் எடுக்கத் தாசில்தார் அனுமதி வரை போக வேண்டியிருப்பதால் அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கழுத்து போன செட்டியாருக்குப் பதிலாக அந்த மண்ணிலேயே புதுசாக ஒருவரைச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், தொந்தி கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருக்கிறோம்.

குடிதண்ணீர்க் குழாய் வேலை பாக்கி, பணம் அதற்கு எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் மேட்ச். காலை ஆறு மணிக்குப் பாய் விரிக்க நாலு பேர் வேண்டும், இதுவரை இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்.