55 டிகிரி சலுகை

ராணிப்பேட்டை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. மத்தியானம் சிப்காட் ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை, இதில் வெல்டுக்கு முன் பிளேட்டைச் சூடாக்கும் ப்ரீஹீட் வேறு!

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எஸ்ஏ-517 என்ற உயர்பல ஸ்டீல் பிளேட்டுக்கு 130 டிகிரி ப்ரீஹீட்டில் பிக்யூஆர், அதாவது டெஸ்ட் வெல்டு செய்து சோதித்த பதிவு, போட்டிருக்கிறீர்கள். ஏஎஸ்எம்இ கோடில் வெல்டிங் தகுதிக்கான செக்‌ஷன் 9 படி அந்தச் சூட்டை 55 டிகிரிக்கு மேல் குறைத்தால்தான் புது பிக்யூஆர் வேண்டும், அதனால் வெல்டருக்குக் கொடுக்கும் செய்முறைத் தாளான டபிள்யூபிஎஸ்-ல் 75 என்று போடலாம் என்கிறார் உங்கள் இன்ஜினியர். எழுத்துப்படி சரிதான். ஆனால் அந்த 55 சாதா மைல்ட் ஸ்டீலுக்கும் சேர்த்துப் போட்ட எண். எப்போது பேப்பர் செல்லாமல் போகும் என்பதை மட்டும் அது சொல்கிறது, வெல்டு விரிசல் விடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. டெஸ்ட் பிளேட் சின்னது, நாலு பக்கமும் சுருங்க இடமிருக்கும். வெசலின் உடலான ஷெல்லில் பிடித்து வைத்த தடிமனான நாசிலுக்கு, அதாவது குழாய் வாய்க்கு, அந்தச் சௌகரியம் ஏது? 690 மெகாபாஸ்கல் யீல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) உள்ள ஸ்டீலில், வெல்டுக்குள் புகுந்த ஹைட்ரஜனால் வரும் விரிசல் உடனே தெரியாது. ஆறிக் கிடக்கும்போதுதான் வரும். கட்டுமான ஸ்டீல் வெல்டிங்குக்கான டி1.1 கோடு இந்த வகை பிளேட்டுக்கு 48 மணி நேரம் காத்திருந்து பார்க்கச் சொல்வது அதனால்தான். உங்கள் வேலை ப்ரெஷர் வெசல் என்றால் அதற்கான செக்‌ஷன் 8-ல், ஹீட் ட்ரீட்மென்ட்டால் பலமேற்றிய ஸ்டீலைப் பற்றிய யுஎச்டி பகுதியையும் முதலில் திறக்கச் சொல். 9-ஐ மட்டும் படித்தால் பாதிதான் படித்த மாதிரி.

அதற்காக சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. குவெஞ்ச் (சட்டென்று ஆற்றுவது), டெம்பர் (மறுபடி மிதமாகச் சூடாக்குவது) செய்து வாங்கின பலம், அதிக சூட்டில் போய்விடும். 25 வோல்ட், 150 ஆம்ப், நிமிடத்துக்கு 200 மில்லிமீட்டர் ஓட்டினால் ஹீட் இன்புட், அதாவது வெல்டுக்குள் போகும் சூடு, மில்லிமீட்டருக்கு 1.1 கிலோஜூல். அதே செட்டிங்கில் வெல்டர் ராடை அகலமாக ஆட்டி வீவ் போட்டு வேகம் 120-க்கு இறங்கினால் 1.9 ஆகிவிடும். இம்பாக்ட் டெஸ்ட் கேட்கிற வேலையில் பிக்யூஆரை மீறிய ஹீட் இன்புட் செல்லாது. மீட்டரை எல்லோரும் பார்க்கிறார்கள், கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவனைத்தான் காணோம்.

இன்னொன்று. பீஸை மடக்கிப் பார்க்கும் பெண்ட் டெஸ்டில் வெல்டு வாயைத் திறந்துகொண்டது என்று எழுதியிருந்தாய். லேபில் எத்தனை மில்லிமீட்டர் விட்டத்தில் ஃபார்மர் (பீஸை மடக்கும் உருளை) போட்டார்கள் என்று கேட்டாயா? 10 மில்லிமீட்டர் பீஸுக்கு வழக்கமாக 40 போடுவார்கள். உங்கள் எஸ்ஏ-517 சேரும் பி-நம்பர் 11 பிரிவுக்கு தடிமனைப் போல் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, 67 மில்லிமீட்டர். 40-ல் மடக்கியிருந்தால் வெல்டரைத் திட்டிப் பயனில்லை, வேறு பீஸ் வெட்டி மறுபடி மடக்கச் சொல்.

ராடு விஷயம் நீயே பார்த்துக்கொள்வாய். ஈ 11018 ராடை ஓவனிலிருந்து எடுத்தால் ஈரம் ஏறும் முன், அரை மணி நேரத்துக்குள் எரித்துவிட வேண்டும். உன் ஊர் மழைக்காலத்தில் அதுகூட அதிகம்.

பிக்யூஆர் நகலையும் லேப் ரிப்போர்ட்டையும் அனுப்பு, பார்த்துவிட்டு போன் பண்ணுகிறேன். காட்பாடி பக்கம் வந்தால் வீட்டுக்கு வராமல் போய்விடாதே.

அன்புடன்,
உன் பழைய ஷிப்ட் கூட்டாளி