பொம்மைக்குத் தடை, கருவுக்கு?

ஆசிரியருக்கு,

பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்கச் செய்யும் தாலேட் வேதிப்பொருள்கள் என்றாலே பொம்மைகளைப் பற்றித்தான் பேசுகிறோம். ஐரோப்பா 1999இலும் அமெரிக்கா 2008இலும் முதலில் கட்டுப்படுத்தியது குழந்தைகளின் பொருள்களைத்தான். எலி ஆய்வுகள் காட்டும் ஆபத்தோ பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 நாள். அதில் 15ஆம் நாளையொட்டித் தொடங்கும் சில நாள்களில் ஆண் கருவின் விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வடிவம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் தாய் எலிக்கு டிபிபி என்ற தாலேட்டை அதிக அளவில் கொடுத்தால் சுரப்பு குறைகிறது. விரை இறங்காத குட்டிகளும், சிறுநீர்த்துளை இடம் மாறிய குட்டிகளும் பிறக்கின்றன. தாய்க்கோ வெளியே தெரியும்படி பெரிதாக எதுவும் நேர்வதில்லை. என்னைக் கலங்கவைப்பது இதுதான்.

எலிக்குக் கொடுக்கும் அளவு மனிதர்களுக்குச் சேர்வதைவிட மிக அதிகம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் 2005இல் ஷானா ஸ்வான் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு, கர்ப்பிணிகளின் சிறுநீரில் இருந்த தாலேட் அளவுக்கும் அவர்களுடைய ஆண் குழந்தைகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அதன்பிறகும் ‘வெறும் எலி ஆய்வு’ என்று ஒதுக்குவது பொறுப்பற்ற செயல்.

மனிதக் கருவில் உறுப்புகள் வடிவம் பெறும் இந்தப் பருவம் சுமார் 8 முதல் 14 வாரம் வரை என்று கருதப்படுகிறது. எனவே தாலேட் கலந்திருக்கக்கூடிய மென்மையான பிவிசி பிளாஸ்டிக் பொருள்கள், வாசனைப் பூச்சுகள் குறித்த அறிவுரையைக் கர்ப்பத்தைப் பதிவு செய்யும் முதல் நாளிலேயே செவிலியர்கள் சொல்ல வேண்டும். ஐந்தாம் மாதத்தில் சொன்னால் காலம் கடந்துவிடும்.

— ஒரு வாசகி, ஈரோடு