பெயர் சொல்லாமல் போன தன்னார்வலருக்கு நன்றி

எங்கள் சமயக் கலை அருங்காட்சியகத்தில் விரைவில் தொடங்கவிருக்கும் கிறிஸ்தவத் திருவுருவ ஓவியக் (ஐகான்) கண்காட்சிக்காகப் பெட்டிகளைப் பிரித்த அன்று, பெயரைக்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போன அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. இந்த ஓவியங்கள் அடுக்கடுக்காக அமைந்தவை: மரப்பலகை, சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு, அதன்மேல் முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம், தங்க ரேக்கு. காற்றின் ஈரப்பதம் மாறினால் பலகை சுருங்கும், விரியும். வண்ணம் செதில் செதிலாக எழும்பும். கன்னி மரியாளின் மேலாடை ஓரத்தில் நகக்கண் அளவு அப்படி எழும்பியிருந்ததை முதலில் கண்டவர் நீங்கள்தான். "யாரும் துடைக்காதீர்கள்" என்று தடுத்து, பலகையை முகம் மேலே தெரியக் கிடத்தச் சொன்னீர்கள். ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் வந்து பார்த்தபோது ஒரு துணுக்குகூட உதிர்ந்திருக்கவில்லை. பக்தர்கள் முத்தமிட்டு வணங்கிய படமல்லவா அது! புதிய தன்னார்வலர்களுக்கு நீங்களே பயிற்சி தர வேண்டும். திறப்பு நாளில் கட்டாயம் வாருங்கள், அம்மா.